மாமன் சீரும் விடுதலைப் பத்திரமும்

சார்பதிவாளராகப் புதிதாக நாற்காலியில் உட்காரப்போகிற பிள்ளைகளுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சட்டப் பிரிவுகளை நான் எழுதப்போவதில்லை. தேர்வுக்கு நெட்டுருப் போட்ட சூட்டில் அவை என்னைவிட உங்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். முத்திரைத் தீர்வை, வழிகாட்டி மதிப்பு, சர்வர் படுத்துக்கொண்டால் வாசலில் நிற்கும் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது, இதெல்லாம் ஒரு மாதத்தில் கைவந்துவிடும். எனக்குக் கடைசிவரை கைவராத ஒன்றைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். உற்சாகப்படுத்துகிற கதை இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உற்சாகம் தேவைப்படுகிறவர்கள் பணியில் சேர்ந்த அன்று கொடுத்த பூங்கொத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நம் வேலை என்ன என்று வெளியாட்களைக் கேட்டால் பத்திரம் பதிகிற வேலை என்பார்கள். பதிவதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். நம்முடைய வேலை ஒரு கேள்வி கேட்பது. “இது நீங்கள் எழுதிக் கொடுத்ததுதானா?” இதற்கு “ஆமா” என்று பதில் வந்துவிட்டால் ஒருவருடைய வீடு அந்த நிமிடமே இன்னொருவருடையதாகிவிடும். இல்லை என்றால் பதிவை மறுத்தாக வேண்டும். அவ்வளவு பெரிய கேள்வியை நம்மில் பெரும்பாலோர் பஸ் கண்டக்டர் டிக்கெட் கேட்கிற மாதிரி கேட்கிறோம்.

நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது எனக்கு மேலே ஓர் அதிகாரி இருந்தார். சிடுசிடுப்புக்காரர், யாருக்கும் அவரைப் பிடிக்காது. கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கும். ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டதும் பேனாவை மூடி மேஜையில் வைத்துவிடுவார். எழுதிக் கொடுப்பவர் தன் வாயால் பதில் சொல்லும்வரை அதைத் தொடமாட்டார். பக்கத்தில் நிற்கிறவன் முந்திக்கொண்டு பதில் சொன்னால், “உன்னையா கேட்டேன்?” என்று ஒரு பார்வை பார்ப்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பேனாப் பழக்கத்தை மட்டும்தான். சிடுசிடுப்பு என்னிடம் ஏற்கெனவே இருந்தது.

மதுரைப் பக்கம் விடுதலைப் பத்திரம் வருகிற விதமே தனி. அப்பா சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று சட்டம் சொல்லிவிட்டது. அந்தப் பங்கு எனக்கு வேண்டாம், அண்ணனோ தம்பியோ வைத்துக்கொள்ளட்டும் என்று கூடப்பிறந்தவள் எழுதிக் கொடுப்பதுதான் விடுதலைப் பத்திரம். குடும்பத்தோடு வேனில் வந்து இறங்குவார்கள். ராகுகாலம் போகட்டும் என்று காத்திருப்பார்கள். கையெழுத்து ஆனதும் அண்ணன்காரன் எல்லாரையும் கறிச்சோறு சாப்பிடக் கூட்டிப்போவான். மனசார விட்டுக் கொடுக்கிற பெண்கள் இதில் நிறையப் பேர் உண்டு. அவர்களிடம் போய் நியாயம் பேச நமக்கு அதிகாரமும் இல்லை, அவசியமும் இல்லை. மனசார வந்தவள் யார், இழுத்து வரப்பட்டவள் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் கஷ்டம். எல்லாருமே “ஆமா” என்றுதான் சொல்வார்கள்.

அப்படி ஒரு நாள் வந்தவர்தான் பாண்டியம்மாள். நாற்பதைத் தாண்டியிருப்பார், கணவரை இழந்தவர். எழுதி வாங்க வந்தவன் அவருடைய தம்பி முருகேசன். கூடப்பிறந்தவர்கள் இந்த இரண்டே பேர். சொத்து, செல்லூரில் அப்பா விட்டுப்போன வீடு. கீழே முருகேசனின் விசைத்தறிகள் ஓடின. மாடியில் ஓர் அறையில் பாண்டியம்மாளும் அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த வீட்டில் தனக்குள்ள பாதியைத் தம்பிக்கு விட்டுக் கொடுப்பதாகப் பத்திரம் சொன்னது.

விரல்ரேகைக் கருவியில் பாண்டியம்மாளின் ரேகை விழவில்லை. கை வேலை செய்கிறவர்களுக்கு அது அடிக்கடி நடப்பதுதான். கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லலாம் என்று பார்த்தால், விரல் நுனியெல்லாம் மஞ்சள்.

“வீட்டுல ஏதும் விசேஷமாம்மா?” என்று கேட்டேன்.

“மூத்தவ கல்யாணம் மேடம். மிச்சமிருந்த பத்திரிகைக்கு மஞ்சத் தடவிக்கிட்டு இருந்தேன். அப்படியே கூட்டியாந்துட்டாக.”

“என்னைக்குக் கல்யாணம்?”

“நாளக் கழிச்சு.”

மகள் கல்யாணத்தை நாளை மறுநாள் வைத்துக்கொண்டு எந்தத் தாயும் தானாகப் பத்திர ஆபீசுக்கு வரமாட்டாள். சமையல்காரரோடு மல்லுக்கட்டவே அவளுக்கு நேரம் இருக்காது. எனக்குள் ஏதோ உறுத்தியது. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன்.

“அக்கா சந்தோசமாத்தான் மேடம் தருது” என்றான் முருகேசன்.

“உங்களை நான் கேக்கலை.”

பாண்டியம்மாள் தலையை ஆட்டினார். ஆனால் என்னைப் பார்த்து ஆட்டவில்லை. தம்பியைப் பார்த்து ஆட்டினார். கூட வந்திருந்த பத்திர எழுத்தர் எங்கள் வாசலிலேயே கடை போட்டிருப்பவர். அவர் குனிந்து, “குடும்ப விசயம் மேடம். நமக்கு எதுக்கு?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகாது. எல்லாரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பாண்டியம்மாளை மட்டும் ஆவணங்கள் அடுக்கிய உள் அறைக்குக் கூட்டிப்போனேன்.

கதவைச் சாத்தியதும் அவர் அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அழவில்லை. சந்தையில் விலை சொல்கிற மாதிரி சொன்னார்.

“இதுல கையெழுத்துப் போட்டாத்தான் மாமன் சீரோட வருவேன்னுட்டான் மேடம். மக ராசியா வாழணும்ல? அதான் வந்தேன்.”

இதன் கனம் உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து சபையில் நிற்காவிட்டால், பெண் வீட்டுக்கு ஆள் இல்லை என்று அர்த்தம். அதிலும் இது தகப்பன் இல்லாத பெண். தகப்பன் இடத்தில் மணையில் உட்கார்ந்து தாரை வார்க்கவும் அந்த மாமனை விட்டால் வேறு ஆண் கிடையாது. முருகேசன் இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் நாள் பார்த்திருக்கிறான். பந்தல் கால் ஊன்றுகிற வரை வாயைத் திறக்கவில்லை. கால் ஊன்றியதும் அக்காவிடம் பேசியிருக்கிறான்.

“நீங்க இல்லைன்னு சொன்னா நான் பதிய மாட்டேன். சட்டப்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது” என்றேன்.

அவர் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். “இல்லைன்னு சொல்லிட்டு நான் எங்க மேடம் போவேன்? அந்த வீட்டுக்குத்தான போகணும்? நாளக் கழிச்சு மாப்பிள்ளை வீட்டுக்காரக, மாமன் எங்கன்னு கேப்பாக. நீங்க வந்து நிப்பீகளா?”

பதினைந்து வருடம் சட்டம் பேசியவள் நான். அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இடம் இல்லை.

வெளியே வந்து பத்திரத்தை மறுபடி புரட்டினேன். அப்பாவுக்கு வாரிசுச் சான்று இருந்தது. அதில் மனைவி, மகள், மகன் என்று மூன்று பெயர்கள். பாண்டியம்மாளின் அம்மா அதற்குப் பிறகு இறந்திருந்தார். அந்த அம்மாவின் பங்கு யாருக்குப் போகிறது என்பதற்குத் தனியாக ஒரு வாரிசுச் சான்று வேண்டும். அது இல்லை. அக்காவும் தம்பியும் மட்டும்தான் என்று ஊருக்கே தெரிந்த குடும்பம் என்றால் பல அலுவலகங்களில் இதைப் பெரிதுபடுத்த மாட்டார்கள். நான் பெரிதுபடுத்தினேன். அம்மாவுக்கும் வாரிசுச் சான்று கொண்டுவந்தால்தான் பதிவு, அதுவரை கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

முருகேசன் குதித்தான். பத்திர எழுத்தர் என் காதருகே வந்து முனகினார். கொஞ்ச நேரத்தில் மேஜைப் போன் அடித்து, “அண்ணன் பேசச் சொன்னாரு” என்று ஒரு குரல் மிரட்டியது. எந்த அண்ணன் என்று கேட்டேன். குரலுக்கே அது தெளிவாகத் தெரியவில்லை போலிருக்கிறது, வைத்துவிட்டது. பெண் அதிகாரி என்றால் ஒரு அதட்டலில் பேனாவைத் திறந்துவிடுவாள் என்று நினைப்பவர்கள் உண்டு. உங்களில் பெண்பிள்ளைகள் அதைச் சீக்கிரமே பார்ப்பீர்கள்.

என் கணக்கு எளிமையானது. தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்று அன்றே கிடைக்காது என்று எல்லாருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் பதிவு நடக்காது. பதிவு இன்னும் பாக்கி இருப்பதால் முருகேசன் அக்காவைப் பகைத்துக்கொள்ள முடியாது. சீர் செய்தே ஆக வேண்டும். கல்யாணம் முடிந்தபின் பாண்டியம்மாள் நிம்மதியாக வந்து “இல்லை” என்று சொல்லலாம். அவன் எதை வைத்து அவரை மடக்கினானோ, அதை வைத்தே நான் அவனை மடக்கிவிட்டதாக நினைத்தேன்.

முதல் பாதி நினைத்த மாதிரியே நடந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் பத்திர எழுத்தர் தானாகவே வந்து சொன்னார். மேளம் என்ன, வாணவேடிக்கை என்ன, சீர்த்தட்டு செல்லூர்த் தெருவையே அடைத்துக்கொண்டு போனதாம். முருகேசன் பட்டு வேட்டி கட்டி மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்தானாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குப் போய் என் கணவரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

சான்று கிடைத்ததும் அக்காவும் தம்பியும் வந்தார்கள். நான் கேள்வியைக் கேட்டேன். பேனாவை மூடி வைத்தேன். என் மனசுக்குள் அவருக்கான பதிலைக்கூட நானே தயாராக வைத்திருந்தேன்.

“ஆமா மேடம். நான் எழுதிக் கொடுத்ததுதான்” என்றார் பாண்டியம்மாள். இந்தத் தடவை தம்பியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துச் சொன்னார்.

மறுபடியும் எல்லாரையும் வெளியே அனுப்பினேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “கல்யாணம்தான் நல்லபடியா முடிஞ்சிருச்சே. இனிமே எதுக்குப் பயப்படுறீங்க?” என்று சத்தமாகவே கேட்டேன்.

“நீங்க அன்னைக்குச் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்புனது எதுக்குன்னு எனக்குத் தெரியும் மேடம். அவனுக்குத்தான் தெரியலை. நீங்க நல்லா இருக்கணும். ஆனா ஒரு கல்யாணத்தோட முடிஞ்சு போச்சா? சின்னவ இருக்கா. இன்னைக்கோ நாளைக்கோ சமஞ்சுருவா. அவளுக்குக் குச்சுக் கட்ட மாமன் வரணும். அவ கல்யாணம் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நீங்க சான்றிதழ் கேட்டுக்கிட்டே இருப்பீகளா?”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அம்புட்டு ஏன்? நாளைக்கு நான் செத்துப்போனா, பொறந்த வீட்டுக் கோடி போட யாரு வருவா? கோடி விழாத பொணமாப் போகச் சொல்றீகளா?”

செத்துப்போன பெண்ணின் மேல் பிறந்த வீட்டார் புதுச்சேலை கொண்டுவந்து போர்த்துவதைத்தான் அவர் சொன்னார். உயிரோடு இருக்கும்போது தலைக்கு மேல் கூரை வேண்டாமா என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. யோசிக்காதவர் இல்லை அவர். என்னைவிட அதிகமாக யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தார். அதை ஏற்றுக்கொள்ள எனக்குத்தான் மனசில்லை.

பதிந்து கொடுத்தேன். வேறு வழி கிடையாது. எழுதிக் கொடுத்தவர் தெளிந்த புத்தியோடு ஒப்புக்கொண்டால் நாம் பதிந்துதான் ஆக வேண்டும். அடுத்த சில மாதங்களில் முருகேசன் அந்த வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத் தொடங்கினான். பாண்டியம்மாள் சின்ன மகளோடு பரவையில் ஒரு வாடகை அறைக்குப் போய், காய்கறி மார்க்கெட்டில் வெங்காயம் ஆய்கிற வேலையில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்று இரண்டு பேரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் செய்தது தவறு என்று நினைக்கவில்லை. இன்றைக்கு அதே பத்திரம் வந்தாலும் அதே சான்றைத்தான் கேட்பேன். ஆனால் நம் மேஜைக்கு முன்னால் நிற்கிறவரின் வாழ்க்கை நம் மேஜையில் முடிவாகிறது என்று மட்டும் எண்ணிக்கொள்ளாதீர்கள். நாம் கேட்கிற கேள்விக்கு அவர்கள் வீட்டிலேயே, தெருவிலேயே பதில் தயாராகிவிடுகிறது. கெட்டிக்காரத்தனத்தால் ஒரு நாளைத் தள்ளிப்போடலாம். அந்த ஒரு நாளுக்கு மேல் நம்மிடம் சரக்கு இல்லை.

பிறகு நான் பல ஊர்களுக்கு மாற்றலாகிப் போய், ஓய்வு பெறுவதற்கு முன்னால் மறுபடி அதே அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தேன். பத்திர எழுத்தர் அதே வாசலில் அதே சிரிப்போடு இருந்தார். ஒருநாள் அவர் கொண்டுவந்து வைத்த விடுதலைப் பத்திரத்தில் “காலஞ்சென்ற பாண்டியம்மாள்” என்ற வார்த்தைகளைப் படித்ததும் என் கை நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். நரைத்துப்போன முருகேசன். அவனுக்குப் பின்னால் இரண்டு பெண்கள்.

விஷயம் இதுதான். பாண்டியம்மாளின் அப்பா பெயரில் அழகர்கோவில் சாலையில் ஒரு காலி மனை இருந்திருக்கிறது. முதல் பத்திரம் எழுதும்போது அதைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். இப்போது பாண்டியம்மாளும் இல்லை. அதில் அவருடைய பாதி இரண்டு மகள்களுக்கும் வந்துவிட்டது. அதையும் மாமனுக்கு விட்டுக் கொடுக்கச் சொல்லிக் கூட்டி வந்திருந்தான். மூத்தவளின் கணவனுக்கு முருகேசனின் தறியில்தான் வேலை. சின்னவள் ரஞ்சனிக்கு வருகிற முகூர்த்தத்தில் கல்யாணம். மாப்பிள்ளையைப் பேசி முடித்ததும் மாமன்தான். அவன் நாள் பார்ப்பதில் எப்போதும் கில்லாடி.

மூத்தவளைக் கேட்டேன். “ஆமா” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரஞ்சனியிடம் திரும்பினேன். “இது நீங்க எழுதிக் கொடுத்ததுதானாம்மா?” பேனாவை மூடி வைத்தேன். அவள் பத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே அடுத்த டோக்கன்காரர்கள் சத்தம் போடத் தொடங்கினார்கள்.

“தனியாப் பேசணுமா?” என்றேன்.

“வேண்டாம் மேடம். எல்லாரும் இருக்கட்டும்” என்றாள். பிறகு சொன்னாள். “கையெழுத்து என்னோடதுதான். வீட்டுல வச்சுப் போடச் சொன்னாக, போட்டேன். ஆனா நான் எழுதிக் கொடுக்கலை. எனக்குச் சம்மதமில்லை.”

“கையெழுத்துதான் ஒத்துக்கிருச்சே மேடம், அப்புறம் என்ன? பதிஞ்சு விடுங்க” என்று பத்திர எழுத்தர் பாய்ந்தார்.

இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நெருக்கடியில் நீங்களும் தடுமாறக்கூடிய இடம் இது. கையெழுத்து என்னுடையது என்று சொல்வது வேறு. பத்திரத்தை நான் எழுதிக் கொடுத்தேன் என்று ஒப்புக்கொள்வது வேறு. முதலாவதை மட்டும் வைத்துப் பதியக்கூடாது. ஒரே பத்திரத்தில் ஒருத்தி ஒப்புக்கொண்டு இன்னொருத்தி மறுத்தால், ஒப்புக்கொண்டவள் அளவில் பதிந்து, மறுத்தவள் அளவில் மறுக்க வேண்டும். அதைத்தான் செய்யப்போகிறேன் என்று சொன்னேன்.

முருகேசன் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான். “யாருகிட்டடி பேசுற? ஒனக்குக் குச்சுக் கட்டுனவன் நான். ஒங்கம்மாவுக்குக் கோடி போட்டவன் நான். ஒரு குறை வச்சனா? ஊரே பாத்துச்சுல?”

“ஒரு குறையும் வைக்கலை மாமா. அதுக்குத்தான் வீட்டைக் குடுத்துருச்சே அம்மா. அது அதோட சரியாப் போச்சு.”

“அப்ப ஒங் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். பாத்துக்க.”

“வராதீக மாமா” என்றாள் ரஞ்சனி.

அவள் கத்தவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்காக்காரி அவள் தோளைப் பிடித்து உலுக்கி, “எங்க பொழப்புலயும் மண்ணள்ளிப் போடப் பாக்குறியாடி?” என்று அழுதாள். நான் ரஞ்சனியை உட்காரச் சொல்லிவிட்டு மறுப்பு உத்தரவை எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் முருகேசனும் மூத்தவளும் போய்விட்டார்கள். ரஞ்சனியோடு யாரும் இல்லை. எப்படிப் போவாய் என்று கேட்டேன். பஸ்ஸில் போய்க்கொள்வேன் என்றாள்.

அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்பாதீர்கள். அவளை நினைத்துப் பயமாகத்தான் இருந்தது. அவள் அம்மா எதற்கெல்லாம் அஞ்சினாரோ, அத்தனையும் இனி இந்தப் பெண்ணின் தலையில் விடியும் என்று எனக்குத் தெரியும். தாய் வீட்டைக் கொடுத்து வாங்கித் தந்த மாமன் துணையை மகள் ஒரு வார்த்தையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அது அவளுடைய உரிமை. அந்த உரிமையோடு அவள் தனியாகத்தான் பரவைக்குப் போக வேண்டும்.

சில வாரம் கழித்து மறுப்பு உத்தரவின் நகலை வாங்க வந்தாள். முருகேசன் மனையில் கம்பி வேலி போட்டுவிட்டானாம். தன் பங்குக்கு வழக்குப் போட வக்கீல் அந்த நகலைக் கேட்டிருக்கிறார். கல்யாண வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

“நின்னு போச்சு மேடம். மாமன் இல்லாத வீட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்னுட்டாக. அக்காவும் பேசறதில்லை.”

அவள் சொன்ன தோரணையில் அழுகை இல்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். நகலில் முத்திரை வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

“எங்கம்மாவும் ஒங்க முன்னாடிதான் கையெழுத்துப் போட்டுச்சாமே மேடம்?”

“ஆமா.”

“என்னையக் கேட்ட மாதிரி அம்மாவையும் கேட்டீகளா?”

“கேட்டேன். தனியாக் கூப்பிட்டும் கேட்டேன்.”

“அப்புறம் ஏன் மேடம் ஆமான்னு சொல்லுச்சு? மழைக்கு ஒழுகுற அறையில கெடந்து, மார்க்கெட்டுல வெங்காய மூட்டை மேலயே சாஞ்சு செத்துப்போச்சு. ஒரு வார்த்தை இல்லைன்னு சொல்லியிருந்தா எங்களுக்கு ஒரு கூரையாச்சும் இருந்திருக்கும்ல? ஏதும் சொல்லுச்சா ஒங்ககிட்ட?”

சின்னவ இருக்கா என்று பாண்டியம்மாள் சொன்ன குரல் என் காதில் அப்படியே இருந்தது. உனக்குக் குச்சுக் கட்ட ஆள் வேண்டும், உன் கல்யாணத்துக்கு ஆள் வேண்டும், அதற்காகத்தான் விட்டுக் கொடுத்தார் என்று நான் சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. எந்தக் கல்யாணத்துக்காகத் தாய் வீட்டைக் கொடுத்தாளோ, அந்தக் கல்யாணம் நின்றுபோய் மகள் என் முன்னால் நிற்கிறாள். அந்த உண்மையையும் தூக்கிக்கொண்டு அவளைப் பரவைக்குப் பஸ் ஏறச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

“ஒண்ணும் சொல்லலைம்மா. கேட்டேன், ஆமான்னாங்க. அவ்வளவுதான்” என்றேன்.

ரஞ்சனி தலையை ஆட்டினாள். “பயந்தாங்கொள்ளி மேடம் எங்கம்மா. மாமான்னாலே நடுங்கும்” என்றாள்.

நான் மறுத்துப் பேசவில்லை. அவள் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.